வரப்பும் குழியும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது, துளி எடை முறையில் நீரின் பரப்பு இழுவிசையைக் காணும் சோதனை. துளிகளை எண்ணினேன், எடை போட்டேன், கணக்கிட்டேன். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன் என்று விடையும் ஒழுங்காக வந்தது. மகிழ்ச்சியோடு வாய்மொழித் தேர்வுக்குப் போய் நின்றேன்.

"இதை எஸ்.ஐ. அலகுல சொல்லு தம்பி" என்றார் தேர்வாளர். ஆயிரத்தால் வகுத்து, மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்றேன். "சரி. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ கூலூம்னு பரப்பு மின்னூட்டம் இருக்கு. அதைச் சதுர மீட்டருக்கு மாத்து" என்றார். சற்றும் தயங்காமல் நூறால் பெருக்கினேன். அவர் சிரித்தார். "ரெண்டும் பரப்புதானே ஐயா?" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார். அத்தோடு தேர்வு முடிந்தது.

மதிப்பெண் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றாண்டுகள் இயற்பியல் படித்த பிறகும், எங்கே தவறினேன் என்பது கூடத் தெரியாமல் திருவரங்கத்துக்குப் பேருந்து ஏறினேனே, அதுதான் உறுத்தியது.

வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். காவிரிக் கரையில் நிலத்தை உழுது வாழ்ந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏண்டா, வரப்பை அளக்கறதும் வயலை அளக்கறதும் ஒண்ணாடா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் பாடம் முழுவதும் அடங்கிவிட்டது. நம் பக்கத்து நில அளவையில் 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கோலின் நீளத்தை 16 அடியாக்கிப் பாருங்கள். கோல் கூடியது மூன்றில் ஒரு பங்குதான்; குழியோ 256 சதுர அடியாகி முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. வரப்புக்கு ஒரு கணக்கு, வயலுக்கு வேறு கணக்கு!

பரப்பு இழுவிசை என்பது வரப்புக் கணக்கு. நீர்ப்பரப்பில் ஒரு கோடு வரைந்ததாக எண்ணிக்கொண்டு, அக்கோட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் நீர் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று கேட்கிறோம். ஒரு டைன் என்பது 10⁻⁵ நியூட்டன். ஒரு சென்டிமீட்டர் என்பது 10⁻² மீட்டர். வகுத்தால் 10⁻³. பரப்பு மின்னூட்டமோ குழிக் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 10⁻⁴ சதுர மீட்டர். ஆகவே, ஒரு மைக்ரோ கூலூமுக்குச் சதுர மீட்டரில் 10⁻² கூலூம் என்று விடை வர வேண்டும். நான் சொன்னது 10⁻⁴. நூறு மடங்கு தவறு!

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன், "தமிழ் வழியில் படிப்பதால் வந்த வினை. இரண்டையும் பரப்பு, பரப்பு என்றே எழுதினால் குழம்பாமல் என்ன செய்யும்?" என்றான். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்திலும் அவ்விரண்டின் முன்னாலும் ஒரே சொல்தான் நிற்கிறது. ஆங்கில வழி வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அங்கும் பாதிப் பேர் நூறால் பெருக்கினார்கள். நோய் மொழியில் இல்லை, மனப்பாடத்தில் இருக்கிறது. ஆய்வகச் சுவரில் அலகு மாற்றும் பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதைப் பார்த்து எழுதுகிறோம். பட்டியலில் இல்லாதது வந்தால் திகைக்கிறோம்.

"அப்படியானால் பரப்பு இழுவிசையைப் பரப்பு மின்னூட்டமாகவே மாற்ற முடியுமா?" என்று ஓர் இளைய மாணவி என்னைக் கேட்டாள். சிரிக்கத் தோன்றியது, ஆனால், என்னைப் பார்த்துச் சிரித்தவரின் நினைவு வந்ததால் அடக்கிக்கொண்டேன். நேராக மாற்ற முடியாது. படியை நாழிகையாக மாற்ற முடியுமா? ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லையா என்று கேட்டால், உண்டு! நீர்த்த அமிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாதரசத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் பரப்பு இழுவிசை மாறுவதை 1875-இல் பிரெஞ்சு அறிஞர் லிப்மன் ஆராய்ந்து விளக்கினார். ஒரு வோல்ட்டுக்கு இழுவிசை எவ்வளவு குறைகிறதோ, அதுவே அப்பரப்பில் உள்ள மின்னூட்டத்தின் அளவு.

இது எப்படிப் பொருந்தும் என்று அலகையே கேட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதும் சதுர மீட்டருக்கு ஒரு ஜூல் என்பதும் ஒன்றே. ஜூலை வோல்ட்டால் வகுத்தால் கூலூம். ஆகவே, ஒரு வோல்ட்டுக்குச் சென்டிமீட்டருக்கு ஒரு டைன் என்ற வீதத்தில் இழுவிசை குறைந்தால், சதுர மீட்டருக்கு 10⁻³ கூலூம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ கூலூம் மின்னூட்டம் அங்கே இருக்கிறது. எந்தப் பட்டியலையும் பார்க்காமல் மூன்றே வரியில் இதைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

நம் ஊருக்கும் இந்தப் பாடத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. இறைவனை நீர் வடிவாக வழிபடும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-இல் பிறந்தவர் சர் சி. வி. இராமன். 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை எல்லாரும் அறிவோம். ஆனால், இருபது வயது கூட நிரம்பாத நிலையில், 1907-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த பிலசாஃபிகல் மேகசின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, திரவங்களின் பரப்பு இழுவிசையை வளைவு முறையால் காண்பது பற்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் வயதில் அவர் நீரை உற்றுப் பார்த்தார். நாம் சுவரை உற்றுப் பார்க்கிறோம்!

"தேர்வுக்கு நேரம் குறைவு, பட்டியல் இருந்தால் வேலை எளிது" என்பார்கள். அவசரத்துக்குப் பட்டியல் வேண்டியதுதான். நான் அதற்குப் பகைவன் அல்லன். ஆனால், பொருள் தெரிந்தவன் கையில்தான் அது கருவி. தெரியாதவன் கையில் அது ஊன்றுகோல். ஆகவே எனக்குத் தோன்றும் மூன்றைச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் பட்டியலை முதல் பருவம் முழுவதும் கழற்றி வைப்போம். பதிவேட்டில் விடைக்கு மட்டுமன்றி, கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் அலகை எழுதுவோம். வாய்மொழித் தேர்வில் "எவ்வளவு?" என்று கேட்ட பின் "ஏன்?" என்றும் கேட்குமாறும், தவறியவனுக்குச் சிரிப்போடு விளக்கத்தையும் தருமாறும் ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுவோம்.

எங்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஒரு சிரிப்பு எங்களை இயற்பியலை விட்டே விரட்டிவிடக் கூடும். என்னைத் தடுத்து நிறுத்தியது தாத்தாவின் கேள்வி. அப்படி ஒரு தாத்தா எல்லார் வீட்டிலும் இருக்க மாட்டார். கல்லூரிதான் அந்தத் தாத்தாவாக இருக்க வேண்டும்.