மலை மண்ணுக்குக் கணக்கு யார் வைப்பது?

போன ஐப்பசியில் மகளோடு கொல்லிமலையில் ஒரு மேட்டு வழியாக நடந்தேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. சோலைக்குள் இருந்தவரை காலுக்கடியில் சருகு. ஓடைத் தண்ணீரும் தெளிவு. சோலை தாண்டி மரவள்ளிக் காடு வந்ததும் கணுக்கால் வரை செஞ்சேறு. ரெண்டு தடவை வழுக்கினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே மலை, ஒரே மழைதானேப்பா? இங்க மட்டும் ஏன் இப்படி?"

சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவிவிட்டது. ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் கையில் காசு. மலை மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செடி படர்ந்து நிலத்தை மூடச் சில மாதம் ஆகும். கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் புரண்டுவிடும். அப்புறம் மழை பெய்தால் மேல்மண் நிற்குமா?

வங்கியில் இருந்தப்போ இந்தப் பயிருக்கு நானும் கடன் கொடுத்திருக்கேன். ஏக்கர், மகசூல், தவணை எல்லாம் பார்த்தேன். மண் எவ்வளவு போகும் என்று கேட்க விண்ணப்பத்தில் இடமில்லை, நானும் கேட்கவில்லை. மகளிடம் அதைச் சொன்னேன். "இப்பவாவது கேளுங்கப்பா" என்றாள்.

கேட்கிறேன். சரிவுக்குக் குறுக்கே உழுது, கல்வரப்பு போட்டு, வெட்டிவேர் நட்டு, மூடாக்கு இடுகிற விவசாயிக்கு வட்டியைக் குறைக்கணும். சிறுதானியத்தை மலையிலேயே கட்டுபடியாகும் விலைக்குக் கொள்முதல் செய்யணும். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு வருஷம் ஆகும். அதை எந்தக் கடனாலும் திரும்ப வாங்க முடியாது.