பருந்து பிழைத்தது, கழுகு வீழ்ந்தது ஏன்?

புன்னைக்காயலில் பொழுது விடிகிறது. தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் ஊர் இது. படகுகள் கரை திரும்புகின்றன. வலையை உதறுகிறார்கள். பொடி மீன்கள் சிதறுகின்றன.

வானில் வட்டமிட்ட பறவை ஒன்று சட்டென்று இறங்குகிறது. காலால் மீனைப் பற்றுகிறது. பறந்தபடியே தின்கிறது!

அதுதான் செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை. மற்ற உடல் செங்கல் நிறம். கருடன் என்று பலர் கும்பிடுவது இதைத்தான்.

துப்புரவுப் பறவைகள்

கடற்கரையையும் குளக்கரையையும் சுத்தம் செய்வது செம்பருந்து. நகரத்தில் அந்த வேலை அதன் உறவான கள்ளப் பருந்துக்கு. அதன் வால் நுனி பிளந்திருக்கும். இறைச்சிக் கடையும் குப்பை மேடும் இருக்கும் இடத்தில் அது இருக்கும். டெல்லி மாநகரில் ஏராளமாக வாழ்கிறது.

காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் இந்த வேலையைச் செய்தது பிணந்தின்னிக் கழுகு. பாறு என்றும் சொல்வார்கள். செத்த மாட்டை ஒரு கூட்டம் சேர்ந்து சீக்கிரமே எலும்பாக்கிவிடும்.

பருந்துகளை இன்றும் பார்க்கிறோம். கழுகு எங்கே?

மருந்தே நஞ்சு

1990-களில் இந்தியாவில் கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. சுமார் 15 ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் 100-க்கு 99-க்கும் மேல் அழிந்தன.

காரணம் 2004-ல் தெரிந்தது. மாட்டின் வலிக்குப் போடும் 'டைக்குளோபினாக்' என்ற மருந்துதான் அது! ஊசி போட்ட மாடு இறந்தால், மருந்து இறைச்சியில் தங்கும். தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். சில நாட்களில் சாவு. ஒரே மாட்டைப் பல கழுகுகள் தின்பதால் கூட்டமே விழுந்தது.

பருந்துக்கு மீன், நண்டு, எலி, குப்பை என்று பல வகை இரை உண்டு. கழுகு பெரிதும் செத்த மாட்டையே நம்பியிருந்தது. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

மனிதனுக்கும் ஆபத்து

கழுகு போனது, மாட்டின் பிணம் அழுகிக் கிடந்தது. நாய்கள் பெருகின. நீரும் கெட்டது. இதனால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

தடையும் கடமையும்

2006-ல் மாடுகளுக்கு டைக்குளோபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் புட்டியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் 'அசிக்குளோபினாக்', 'கீட்டோபுரோபன்' ஆகிய மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

இன்று தமிழ்நாட்டில் பாறுகளின் முக்கியப் புகலிடம் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு. தினமும் கழுகுகள் வந்து பிரசாதம் உண்ட திருக்கழுக்குன்றத்துக்கு இப்போது அவை வருவதில்லை.

சட்டம் மட்டும் போதாது. மாடு வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம், "இது கழுகுக்குக் கேடு இல்லாத மருந்தா?" என்று கேட்க வேண்டும். 'மெலாக்சிகாம்' என்ற பாதுகாப்பான மருந்து இருக்கிறது.

புன்னைக்காயலில் நாளையும் செம்பருந்து வரும். மாயாற்றுக் கழுகு நாளையும் பறக்குமா? மாட்டுக்குப் போடும் ஊசியில் இருக்கிறது பதில்.