கணக்குக் காட்டாதவர்கள்

புள்ளலூர் என்ற பெயரைக் கேட்டவுடன் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவு வருவது யுத்தமே. பல்லவ மகேந்திரவர்மன் தன் பிரதான சத்துருக்களை இவ்வூரில் முறியடித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கே வளைத்து நிர்மூலமாக்கினார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் அதே பூமியில் இன்னொரு சண்டையும் நடந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாண்டுபோன வெள்ளைக்கார அதிகாரிகளின் ஞாபகார்த்தத் தூண்களைத் தேடிக் கண்டுபிடித்து, படம் எடுத்துக்கொண்டு, ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். யுத்தம் நடந்த ஊரில் யுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஏரி எப்படி வெட்டப்பட்டது, அதற்கு யார் பொறுப்பாக இருந்தார்கள் என்று விசாரித்தவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்படி விசாரிக்க விருப்பமுள்ளவர்களுக்கு இதே காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில் விடை கிடைக்கும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட சாசனங்கள் இரண்டும் பிரசித்தமானவை. குடவோலை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவற்றைப் பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஊர்ச் சபையின் ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரோலை சேர்த்ததையும், அதைக் குடத்திலிட்டுக் குலுக்கியதையும், ஒன்றுமறியாத சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்ததையும் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்புவிப்பார்கள். ஆனால் அந்தச் சாசனத்தில் என் மனத்தைக் கவர்ந்தது குடம் அன்று. ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் இன்னார் என்று வரிசைப்படுத்தும் இடத்தில், திருடனுக்கும் மற்ற மகா பாதகம் செய்தவர்களுக்கும் முன்னால் நிறுத்தப்பட்டிருப்பவன், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற்போனவன். அவன் மட்டுமல்ல; அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், சகோதரியை மணந்தவன், மருமகன் என்று உறவு முறை ஒன்றுவிடாமல் சொல்லி, அத்தனை பேரையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது அந்தச் சபை. அது பிராமணர்களின் சபை, நிலமும் வேதமும் உள்ளவர்களுக்கே அதில் இடம், பெண்களுக்கும் உழுகிறவனுக்கும் இடமே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பூரண ஜனநாயகம் என்று கொண்டாடுகிற கட்சியில் நான் சேரமாட்டேன். இருந்தாலும், பொதுக்காரியம் பார்த்தவன் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விஷயத்தில் அவர்களுக்கு இருந்த பிடிவாதம் நமக்கு இல்லை.

இந்த ஷரத்து எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவதற்குக் காரணம், நம் கிராமப்புறங்களில் வந்து இறங்குகிற பெரிய மின்சாரத் திட்டங்கள். அவற்றைப் பற்றி நமக்கு யுத்தச் செய்திகள் கிடைக்கின்றன. கணக்குச் செய்திகள் கிடைப்பதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எடுத்துக்கொண்டால், 2011-ல் இடிந்தகரையில் ஆரம்பித்த உண்ணாவிரதமும், 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் போலீசார் ஜனங்களைக் கலைத்த காட்சியும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே வருஷம் ஏப்ரலில், அந்த நிலையத்தின் ஸ்தலத் தேர்வு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டதும், டில்லி உயர்நீதிமன்றத்தில் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கப்பட்டதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? காகிதம் கேட்கிற காரியத்தில் புகையும் இல்லை, கோஷமும் இல்லை. ஆகையால் அது செய்தியாவதில்லை.

நமக்கு இன்னும் சமீபத்தில் நடந்தது செய்யூர் விவகாரம். 2019 நவம்பரில் ஜில்லாவைப் பிரித்துச் செங்கல்பட்டைத் தனியாக்கும் வரையில் செய்யூர் நம் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும், நடுவே ஓதியூர்க் கழிவெளி, அதற்கப்பால் மணல்மேடுகளும் கடலும் என்று அமைந்த அந்தச் சீமையில், 4,000 மெகாவாட் சக்தியுள்ள நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றை ஸ்தாபிப்பதென்றும், அதற்கு வேண்டிய கரியை இறக்கப் பனையூரில் தனித் துறைமுகம் கட்டுவதென்றும் தீர்மானமாகி, அந்தக் காரியத்துக்கென்றே கோஸ்டல் தமிழ்நாடு பவர் லிமிடெட் என்ற கம்பெனியும் ஏற்படுத்தப்பட்டு, 2013-ல் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. அதை ஆட்சேபித்த கிராமவாசிகளும் அவர்களுக்குத் துணை நின்ற சென்னை நண்பர்களும் செய்த காரியங்களில் நான் உயர்வாக மதிப்பது, அவர்கள் திட்ட அறிக்கையை உட்கார்ந்து படித்ததைத்தான். தங்கள் ஊர் மணல்மேடுகளும் நீர்நிலைகளும் ஆமை முட்டையிடும் கரையும் அந்த அறிக்கையில் உள்ளபடி காட்டப்படவில்லை என்பது அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன குறை. அதைக் கொண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போனார்கள்.

இப்படிப் படிப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அறிக்கையில் ஒரு சர்வே நம்பருக்கு எதிரே தரிசு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால், அதே நம்பர் மேய்ச்சல் புறம்போக்கு என்றிருக்கும். அடங்கலைப் பார்த்தால் பக்கத்து நம்பரில் மூன்று பசலிக்கு முன் கடலை சாகுபடி என்றிருக்கும். புலப்படத்தை விரித்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று வளைந்து போகும். அதுதான் வரத்துக் கால்வாய். ஆற்றில் வெள்ளம் வரும் வருஷத்தில் அது வழியாகத்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கிற நிபுணருக்கு அந்தக் கோடு தெரியாமலிருப்பதில் ஆச்சரியமில்லை. ஊரில் மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததை இந்த மூன்று காகிதங்களோடு ஒட்டவைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

செய்யூரில் கடைசியில் நிலையம் வரவில்லை. அது ஜனங்களின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நிலையத்தைக் கட்டி நடத்தும் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதற்கான ஏலம் 2015 ஆரம்பத்தில் கைவிடப்பட்டதற்கு உடனடிக் காரணம், ஷரத்துகள் கட்டுபடியாகவில்லை என்று தனியார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டதே. கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கு காப்பாற்றியது பாதி, கிராமத்தார் கணக்கு காப்பாற்றியது பாதி என்று வைத்துக்கொள்வோம்.

சட்டத்தில் நமக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. இத்தகைய திட்டங்களுக்கு 1997-லேயே பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட மத்திய அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கலெக்டரோ கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும், நடவடிக்கை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், பேசியவற்றின் சாரத்தை முடிவில் உள்ளூர்ப் பாஷையில் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அறிக்கையின் சுருக்கம் மட்டுந்தான் தமிழில் வரும். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள மூலம் இங்கிலீஷ்தான். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையும் இல்லை. பந்தலும் நாற்காலியும் பிஸ்கட்டும் இருந்து ஜனங்கள் வராமற்போனாலும், கருத்துக் கேட்டாயிற்று.

நம் ஊர்களின் சுபாவம், அந்த ஒரு நாள் கூட்டத்தில் தொண்டை வறளக் கத்திவிட்டு, அதோடு விட்டுவிடுவது. அனுமதி கொடுத்த பிறகுதான் சட்டம் நமக்கு உருப்படியான ஆயுதம் ஒன்றைக் கொடுக்கிறது என்பதைப் பெரும்பாலோர் அறியார். அனுமதியோடு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று திட்டக்காரர் ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1-ஆம் தேதியும் டிசம்பர் 1-ஆம் தேதியும் அரையாண்டு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அவை பொதுமக்கள் பார்க்கக்கூடிய தஸ்தாவேஜுகள். சாம்பல் எவ்வளவு விழுந்தது, எங்கே கொட்டப்பட்டது, எத்தனை மரம் நடப்பட்டது, கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்ன அளவு என்பதெல்லாம் அவற்றில் இருக்க வேண்டும். இருப்பது உண்மையா என்று சரிபார்க்க, அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவளைவிடத் தகுதியான அதிகாரி இல்லை.

அப்படிச் சரிபார்த்தவர்களும் நம் நாட்டில் உண்டு. கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிராமத்தார், 2004 வாக்கில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையில் அடிக்கும்போது, என்ன நாற்றம் வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். சாதாரண பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக 1995-ல் உண்டான உபாயம் அது. அழுகிய முட்டை நாற்றம் என்று வாயால் சொன்னபோது சிரித்தவர்கள், அளவு இன்னது என்று காகிதத்தில் வந்தபோது சிரிக்கவில்லை.

இனி வரப்போகிற சங்கடம் வேறு மாதிரியானது. நிலக்கரியின் காலம் தேய்ந்து சூரிய சக்தியின் காலம் வளர்கிறது. அது நல்லதே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சூரிய மின் திட்டங்களுக்கு மேற்படி 2006 அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். புகை இல்லாததற்கு அனுமதி எதற்கு என்பது வாதம். அனுமதி இல்லையென்றால் கருத்துக்கேட்பு இல்லை; கருத்துக்கேட்பு இல்லையென்றால் நிபந்தனை இல்லை; அரையாண்டு அறிக்கையும் இல்லை. ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-ல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். எட்டு மாதம் என்பது நம் ஊரில் ஒரு பட்டா மாறுதல் மனு நகர்வதற்கே போதாது.

ஏரி நீரைக் கழனிகளுக்குப் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையைத் தலைமுறையாகப் பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சோலார் என்றதும் அவர் கேட்டது மின்சாரத்தைப் பற்றி அன்று. “வேலி போடட்டும் தம்பி, வேணாங்கல. கால்வாயை உள்ள வச்சு வேலி போட்டானா, வெளிய வுட்டுப் போட்டானான்னு யார்னா போய்ப் பாத்தாங்களா?” என்றார். மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு வரத்தாகி, அதன் கலங்கல் அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலியில் பிழைப்பது இந்த ஜில்லா. நடுவே ஒரு நூறு ஏக்கரைச் சமமாக்கிக் கண்ணாடிப் பலகை பதித்து, ஓடையைத் தூர்த்து ரஸ்தா போட்டால், பயிர் காய்வது நிலம் விற்றவனுக்கு அல்ல, மூன்று ஊர் தள்ளி ஒரு துண்டுக் கழனி வைத்திருப்பவனுக்கு. அவனை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடப் போவதில்லை.

எனக்குத் தோன்றும் யோசனை மிக எளியது. இப்போது கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. திட்டம் வந்திருக்கும் ஊராட்சிகளில் ஜூன் அறிக்கையை ஆகஸ்டு 15-லும், டிசம்பர் அறிக்கையை ஜனவரி 26-லும் தமிழில் வாசிக்கச் செய்யலாம். அறிக்கையே இல்லாத சூரிய நிலையமானால், கால்வாய், ஆழ்குழாய்க் கிணறு, பலகை கழுவும் தண்ணீர் ஆகிய மூன்றையும் ஊரார் தாமே பார்த்து எழுதி வாசிக்கலாம். உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். இதற்கும் ஆறு பேர் போதும், ஒரு வருஷம் இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் இருக்கலாகாது என்ற அவர்களுடைய விதியோடு. கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், நிலம் பேசி முடித்துக் கமிஷன் வாங்கினவன், அவர்களுடைய மாமனார், மைத்துனன், மருமகன் எல்லோரையும் விலக்கிவிட வேண்டும். உறவு முறைப் பட்டியலுக்குச் சிரமப்பட வேண்டாம், கோயில் சுவரில் தயாராகவே இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் சாசனத்துக்கு மாறாக நடந்தாக வேண்டும். மூலக் காகிதங்கள் எல்லாம் இங்கிலீஷில் வருவதால், அந்த ஆறு பேரில் இரண்டு பேராவது காலேஜ் படித்த பெண்களாக இருக்கட்டும், பி.எஸ்ஸி.யும் பி.காமும் படித்துவிட்டு, பகலில் ஊரிலேயே இருந்து, கிணற்றுக்கும் போய்வருகிறவர்கள் இப்போது அவர்கள்தாம்.