குளிக்கும் முன் குளியுங்கள்!

மெக்சிகோ நாட்டில், யுகட்டான் பகுதியில் "சீச்சென் இட்சா" என்ற பழைய நகரம் இடிந்து கிடக்கிறது. மாயர்கள் கட்டிய நகரம் அது.

கான்கூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோ மீட்டர். பஸ்சில் அழைத்துச் சென்று, சுற்றிக் காட்டி, அன்றே திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கட்டணம் குறைவுதான். (நுழைவுச் சீட்டும் அதில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்!)

அங்குள்ள பிரமிடுக்கு நான்கு பக்கமும் படிகள். பக்கத்துக்கு 91. உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை! இப்போது ஏற விடுவதில்லை.

"சீச்சென் இட்சா" என்றால் "இட்சா மக்களின் கிணற்று வாயில்" என்று பொருள். அங்கே தரைமேல் ஆறு ஓடுவது அபூர்வம். மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். பாறை இடிந்து, அந்த நீர் வெளியே தெரியும் பள்ளமே "செனோட்டே". அந்தக் கிணறுகளை நம்பித்தான் நகரமே வாழ்ந்தது.

பிற்பகலில், பக்கத்தில் உள்ள ஒரு செனோட்டேயில் பயணிகளைக் குளிக்க விடுகிறார்கள். ஜில்லென்ற தண்ணீர். ஆசை தீரக் குளிக்கட்டும். ஆனால், வெயிலுக்குப் பூசிய களிம்போடு அதில் குதிக்கலாமா? நிலத்தடி நீர்தானே யுகட்டான் மக்களுக்கு இன்றும் குடிநீர்!

கரையிலேயே குழாய் இருக்கிறது. "உடம்பைக் கழுவிவிட்டு இறங்குங்கள்" என்றும் சொல்கிறார்கள். பஸ் புறப்பட்டுவிடும் என்ற அவசரம் இருக்கலாம். இரண்டு நிமிடத்தில் என்ன குறைந்துவிடும்?