தாளைச் சாய்த்துக் காட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்டினிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. முந்தின இரவு ஒரு ராக் கச்சேரிக்குப் போனவள், ஐம்பது டாலர் கொடுத்து ஒரு போஸ்டர் வாங்கி வந்திருந்தாள். “எப்படிம்மா இருக்கு?” என்றாள். படம் நன்றாகத்தான் இருந்தது. “ஜன்னல்கிட்ட கொண்டுபோய் தாளைச் சாய்ச்சுக் காட்டு” என்றேன்.

சாய்த்தாள். வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடங்கலே இல்லாமல் வழுக்கி ஓடியது. மை எங்கேயும் மேடு கட்டவில்லை. சிவப்பும் மஞ்சளும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தடம் இல்லை. போனை இன்னும் நெருக்கிப் பிடிக்கச் சொன்னேன். பொடிப்பொடியாக நாலு நிறப் புள்ளிகள். கீழ் ஓரத்தில் பென்சில் எழுத்து இல்லை. வரைந்தவர் பெயர் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“இது மிஷின்ல எடுத்த பிரின்ட்டுடி. ஸ்க்ரீன் இல்ல” என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அரை மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள், பாவம்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், என் அண்ணனின் ஸ்க்ரீன் பிரின்டிங் கடையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, துணிக்கடைப் பை எல்லாம் அடித்தோம். படம் வரைவது என் வேலை. பாதி நாள் ஸ்க்ரீன் இழுத்ததும் நான்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய மெல்லிய வலைத்துணிதான் ஸ்க்ரீன். அதில் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, மேலே படத்தின் பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படத்தின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். ரப்பர் பிளேடு வைத்த ஸ்குவீஜி கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே அழுத்தத்தில், நடுவில் மூச்சு விடாமல் இழுக்க வேண்டும். இரண்டாவது நிறம் முதல் நிறத்திலிருந்து மயிரிழை விலகினாலும் “ரெஜிஸ்டர் போச்சு” என்று அண்ணன் தாளை ஒதுக்கிவிடுவார். ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் குடித்து விரிந்துகொள்ளும். காலையில் அடித்த நிறத்தோடு மாலையில் அடிக்கும் நிறம் சேராது. இத்தனைக்கும் எங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நிறம்தான்.

2018இல் பேத்தி பிறந்த சமயம் ஆறு மாதம் ஆஸ்டினில் இருந்தேன். மார்ச்சில் அங்கே சவுத் பை சவுத்வெஸ்ட் இசை விழா நடக்கும். விழாவின் ஒரு பகுதியாக ஃபிளாட்ஸ்டாக் என்று கச்சேரி போஸ்டர்களுக்கென்றே ஒரு கண்காட்சி. அமெரிக்கன் போஸ்டர் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, பிறகு ஊர் ஊராக நடத்தி வருவது. “உங்க தொழில்தாம்மா, வாங்க” என்று மாப்பிள்ளை கூட்டிப்போனார்.

உள்ளே வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் வரைந்தவரே நின்றுகொண்டிருந்தார். பெரும்பாலும் 18க்கு 24 அங்குலத் தாள். ஒரு ராத்திரி, ஒரு ஊர், ஒரு அரங்கம், ஒரு இசைக்குழு. அந்த ஒரு கச்சேரிக்காக மட்டும் வரைந்து, நூறோ இருநூறோ பிரதி இழுத்து, ஸ்க்ரீனைக் கழுவிவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலில் எண், பக்கத்தில் கையெழுத்து. 41/150 என்றிருந்தால் நூற்றைம்பதில் நாற்பத்தொன்றாவது தாள். நான் முதலில் பார்த்தது படங்களை அல்ல, அந்தப் பையன்களின், பெண்களின் நகக்கண்களை. நீலமும் கறுப்பும் ஏறியிருந்தது. என் நகத்திலும் வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தது.

அன்று மேசை மேசையாக நின்று, மாப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இசைக்குழுவோ அரங்கமோ போஸ்டர் கேட்கும். கூலி சில சமயம் நன்றாக இருக்கும், சில சமயம் சொற்பம். ஆனால் இழுத்த பிரதிகளில் ஒரு பங்கு குழுவுக்குப் போய் கச்சேரி வாசலில் விற்கும், இன்னொரு பங்கு வரைந்தவர் கையில் நிற்கும். அதை அவர் தன் பெயரில், தன் விலையில் விற்றுக்கொள்ளலாம். எங்கும் ஒரே மாதிரி எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்த வழக்கம்தான் அந்தத் தொழிலின் முதுகெலும்பு என்பது என் கட்சி.

அது தானாக வந்துவிடவில்லை. 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிரஹாமின் ஃபில்மோர் அரங்கத்துக்கும் அவலான் நடன அரங்கத்துக்கும் வரைந்த போஸ்டர்கள் இன்று உலகப் புகழ். எழுத்தெல்லாம் தீக்கொழுந்து போல நெளியும். அவை பெரும்பாலும் ஆஃப்செட்டில் அச்சானவை, ஸ்க்ரீனில் அல்ல. ஆனாலும் இன்றைய போஸ்டர்காரர்களுக்கு அவற்றை வரைந்தவர்கள்தான் முன்னோர். அந்த எழுத்து வடிவத்தைக் கொண்டுவந்த வெஸ் வில்சன், பணத் தகராறில் 1967இல் கிரஹாமை விட்டு விலகினார். அவர் இடத்தில் வரைய வந்தவர் கிரஹாமின் மனைவியாக இருந்த பானி மெக்லீன். மிக நல்ல கை. நாற்பது வருஷம் கழித்து என்ன ஆனது? கிரேட்ஃபுல் டெட் குழுவைப் பற்றிய ஒரு புத்தகத்தில் ஏழு போஸ்டர், டிக்கெட் படங்களைச் சின்னதாக அச்சிட்டதற்காக ஒரு வழக்கு நடந்து, 2006இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. படங்களைப் போட்டது நியாயமான பயன்பாடு என்றது தீர்ப்பு. எனக்கு உறைத்தது வேறு. உரிமை கோரி வழக்குப் போட்டது பில் கிரஹாம் ஆவணக் காப்பகம். வரைந்த கைகள் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

அதே ஊரில் அதே காலத்தில் ஒருவர் மட்டும் முன்கூட்டியே யோசித்தார். விக்டர் மொஸ்கோசோ. ஸ்பெயினில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். எதிரெதிர் நிறங்களைச் சம வலுவில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். தாள் அதிர்வது போலக் கண் கூசும். அவர் நியான் ரோஸ் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டு, மேட்ரிக்ஸ் என்ற சிறிய அரங்கத்துக்கு வரைந்தார். அரங்கத்துக்கு வேண்டிய பிரதிகளைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் உரிமையையும் தானே வைத்துக்கொண்டார். இன்று ஃபிளாட்ஸ்டாக் மேசைகளுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, மொஸ்கோசோ போட்ட கணக்கில்தான் நிற்கிறார்கள்.

ஸ்க்ரீன் அச்சு அந்தக் கணக்கை ஏழைகளுக்கும் எட்டவைத்தது. ஆஃப்செட் என்றால் அச்சகத்தைத் தேடிப் போக வேண்டும், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். ஸ்க்ரீனுக்கு ஒரு கார் ஷெட்டும் தண்ணீர்க் குழாயும் போதும். ஆஸ்டினில் ஜெராக்ஸ் துண்டுப் பிரசுரங்களில் தொடங்கிய ஃபிராங்க் கோசிக், 1990களில் பளீரென்ற ஸ்க்ரீன் போஸ்டர்களுக்கு மாறியபோது ஒரு தலைமுறையே அவர் பின்னால் கிளம்பியது. அவரும் ஸ்பெயினில் பிறந்தவர்தான், மாட்ரிட்டில். 2023இல் காலமானார். சிகாகோவில் ஜே ரயன், தான் ஒரு இசைக்குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டே, 1999இல் தி பேர்ட் மெஷின் என்ற அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். அணில்களும் கரடிகளும் நடமாடும் அவர் போஸ்டரில் எழுத்துகூடக் கையால் வரைந்ததுதான். சால்ட் லேக் சிட்டியில் லியா பெல், கில்பி கோர்ட் என்ற கையகல அரங்கத்துக்காக வாராவாரம் வரைந்தே பெயர் வாங்கினார். பெரிய நட்சத்திரங்களுக்கு வரைந்து அல்ல, இருநூறு பேர் நின்று கேட்கும் கச்சேரிகளுக்கு வரைந்து.

கச்சேரிச் செய்தி போனில் வந்துவிடுகிறது, போஸ்டர் எதற்கு என்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். செய்தி சொல்லும் வேலையிலிருந்து போஸ்டர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது பல போஸ்டர்கள் கச்சேரி நடக்கும் அன்றைக்குத்தான் ஜனங்கள் கைக்கே வருகின்றன. பாட்டு காற்றோடு போன பிறகு அந்த ராத்திரிக்கு மிஞ்சும் பொருள் அது ஒன்றுதான். அதனால்தான் வரிசை கட்டி வாங்குகிறார்கள். அதனால்தான் அதில் பணமும் புகுந்துவிட்டது. புகழ்பெற்ற குழுக்களின் போஸ்டரைக் கதவு திறந்ததும் வாங்கி, கச்சேரிகூடக் கேட்காமல் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு இணையத்தில் விற்கிற கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. அந்த லாபத்தில் வரைந்தவருக்கு ஒரு காசு இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் மகள் வாங்கி வந்த மாதிரி. கையால் இழுத்த தாளுக்கு ஜனங்கள் கொடுக்கப் பழகிய விலையை, கை படாத தாளுக்கு வாங்குவது. படத்தை வரைந்தது ஆளா, கட்டளை கொடுத்தால் படம் கக்கும் கணினியா என்பதைக்கூடச் சொல்லாமல் விடுவது. ஐந்து நிறம், இருநூறு பிரதி என்றால் ஆயிரம் முறை ஸ்குவீஜி இழுக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே காய வேண்டும். தோள்பட்டைக்குத் தெரியும் அந்தக் கணக்கு. டிஜிட்டல் அச்சைக் குறை சொல்லவில்லை. அதை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். வரைந்தவர் பெயரைப் போடட்டும்.

எனக்கு இது இவ்வளவு சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் சேர்ந்த நாலாம் வருஷம் ஒரு துணிக்கடைக்காக ஒரு மயில் வரைந்தேன். தோகை மடிந்து சேலை முந்தானையாக விழும். மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்தது. இருநூறு பை அடிக்கக் கொடுத்தார்கள், அடித்தோம். அடுத்த வருஷம் அதே மயில் அவர்களுடைய எல்லாப் பையிலும், காலண்டரிலும், பஸ் பின்னாலும் வந்தது, வேறு எங்கோ அடித்து. அண்ணன் போய்க் கேட்டதற்கு, “பை அடிச்சதுக்குக் காசு கொடுத்தாச்சே” என்றார்கள். அந்த மயிலை நான் வரைந்தேன் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. பிறகு ஃபிளெக்ஸ் வந்து எங்கள் ஊர் பேனர் ஓவியர்கள் வேலையிழந்தபோது, யார் எதை வரைந்தார்கள் என்பதே தெரியாமல் போயிற்று. யாருக்காக வாதாடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அதனால், ஆஸ்டினிலும் சிகாகோவிலும் கலிபோர்னியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்கிறேன். கச்சேரிக்குப் போங்கள், போஸ்டர் வாங்குங்கள். வாங்குமுன் தாளைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் பென்சிலைத் தேடுங்கள். யார் வரைந்தது, யார் இழுத்தது, அவர் பங்கு அவருக்குப் போகிறதா என்று மேசையில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அன்றைக்கு வாங்காமல் வந்துவிடுங்கள். வரைந்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் கையில் இருக்கும் பங்கிலிருந்து வாங்குங்கள். இசைக்குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேடை விளக்குக்குச் செலவழிப்பவர்கள் ஒரு ஓவியருக்குக் கூலியும் ஐம்பது பிரதியும் கொடுப்பதால் நொடித்துப் போக மாட்டார்கள்.

அன்று ஃபிளாட்ஸ்டாக்கில் ஒரு மேசையில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அங்கே ஒரு பெட்டி நிறைய வேஸ்ட் ஷீட். ஸ்க்ரீன் சரியாக இறங்குகிறதா என்று சோதிக்க, ஒரே தாளில் மாற்றி மாற்றி அடிப்போமே, அது. எங்கள் கடையில் ஒரு மாப்பிள்ளை பெயர் மேல் இன்னொரு வீட்டுப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் சுருட்டிக் குப்பையில் போடுவோம். மினியாபொலிஸில் எஸ்தெடிக் அப்பரேட்டஸ் என்ற இரண்டு பேர் கொண்ட அச்சுக்கூடம் அந்தச் சோதனைத் தாள்களையே தனித்தனி ஓவியமாக விற்றுப் பேர்பெற்றது என்று மாப்பிள்ளை படித்துச் சொன்னார். நான் நின்ற மேசையில் இருந்த பையன் என் விரலைப் பார்த்தான். நான் அவன் விரலைப் பார்த்தேன். மாப்பிள்ளை சொல்வதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி, காசு வேண்டாம் என்று நீட்டினான். ஒரு மீனின் மேல் ஒரு வானொலிப் பெட்டி, அதன் மேல் ஏதோ ஒரு தேதி.

வாங்கிக்கொண்டு, அடியில் விரலை வைத்துக் காட்டி, கையெழுத்து என்றேன். இது எண் போட்ட பிரதி இல்லையே என்று தயங்கினான். பரவாயில்லை, எண் வேண்டாம், பெயர் மட்டும் போடு என்று மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குனிந்து, நிதானமாக எழுதிக் கொடுத்தான்.