வாத்தின் கழுத்தும் பன்றியின் காலும்

என் மாணவன் ஒருவனுக்கு நான் பட்ட கடனை இந்த வாரம் நேயர்கள் முன்னிலையில் தீர்த்துவிட எண்ணுகிறேன். கடன் பணமன்று, இரண்டு மார்க்கு.

வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'விண்டர்ஸ் டேல்' நடந்துகொண்டிருந்தது. 1611-ஆம் ஆண்டில் லண்டன் குளோப் நாடகசாலையில் நடிக்கப்பெற்ற நாடகம் அது. பாட்டில் சொக்கி, நின்ற இடத்தை விட்டு அசையாத ஒரு பட்டிக்காட்டானை அதில் ஒரு திருடன் பரிகசிக்கிறான். அப்போது அவனுடைய கால்களைக் கால்கள் என்று சொல்லாமல் 'பெட்டிடோஸ்' என்கிறான். பன்றிக் கால் என்பது அச்சொல்லின் பொருள். மனிதருடைய காலுக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் காலுக்கு, வேடிக்கையாக வழங்குவதும் உண்டு.

பரீட்சையில் இச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் கேட்டிருந்தேன். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது என்ற ஒரு வரியே நான் எதிர்பார்த்த விடை. ஒரு பையனோ, "'பெட்டி' என்றால் சிறியது, 'டோஸ்' என்றால் கால் விரல்கள், ஆகவே சிறு விரல்களையுடைய கால்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். அத்துடன் நின்றேனா? வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்து, இச்சொல்லின் வரலாற்றை விஸ்தாரமாகப் படிக்கலானேன். படிக்கப் படிக்க என் முகம் சிவந்தது.

பிரெஞ்சில் 'பெத்தீத் வா' என்றொரு தொடர் உண்டு. 'சின்ன வாத்து' என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் அது குஞ்சைக் குறிப்பதன்று. பெருவாத்தைச் சமைக்குமுன் தலை, கழுத்து, இறக்கை நுனி, கால், ஈரல், இரைப்பை முதலியவற்றைத் தனியே எடுத்து வைப்பார்கள் அல்லவா? அந்தச் சில்லறை உறுப்புக்களுக்குத்தான் 'சின்ன வாத்து' என்று பெயர். பிறகு இத்தொடர் சமையலறையை விட்டு அலமாரிக்குள்ளும் புகுந்தது. உடையோடு அணியும் ரிப்பன் முதலிய சில்லறை அலங்காரங்களுக்கும் அதுவே பெயராயிற்று. மோலியேர் 1659-இல் மேடையேற்றிய ஒரு பிரஹசனத்தில், பகட்டுக்காரன் ஒருவன் தன் 'சின்ன வாத்து' எப்படி இருக்கிறதென்று பெண்களிடம் அபிப்பிராயம் கேட்கிறான்!

இத்தொடர்தான் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் 'பெட்டிடோஸ்' ஆயிற்று என்பது அறிஞர் பலருடைய கொள்கை. பிரெஞ்சு அறியாத ஆங்கிலேயன் காதில் வாத்து விழவில்லை. முதற்பாதியில் சிறுமையைக் குறிக்கும் தன் சொந்தச் சொல் விழுந்தது. பிற்பாதியில் கால் விரல் விழுந்தது. அந்த உறுப்புக்களின் கூட்டத்தில் காலும் ஒன்றாக இருந்தது வசதியாய்ப் போயிற்று. கழுத்து போயிற்று, இறக்கை போயிற்று, கால் மட்டும் நின்றது. முடிவில் வாத்தும் போய்ப் பன்றி வந்து சேர்ந்தது.

ஆயினும் பழம்பொருள் அடியோடு அழியவில்லை. திருமதி பீட்டன் 1861-இல் வெளியிட்ட இல்லற நூலில் பன்றிப் பெட்டிடோஸ் சமைக்கும் முறை இருக்கிறது. முகம் சுளிக்கும் நேயர்கள் பொறுத்தருள்க. பாத்திரத்தை எட்டிப் பார்த்தால் போதும். காலோடுகூட ஈரலும் இருதயமும் அதில் வேகின்றன! சொல் மறந்ததைச் சமையற்காரி மறக்கவில்லை. 1913-இல் பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய குழந்தைக் கதையிலோ தாய்ப் பன்றிக்கே 'பெட்டிடோஸ் அத்தை' என்று பெயர்.

இது ஒரு சொல்லின் விபத்தன்று. 'கிரேஃபிஷ்' என்னும் நன்னீர்ப் பிராணி மீனல்ல. பழைய பிரெஞ்சுச் சொல்லின் ஈற்று ஓசையை ஆங்கிலேயர் 'ஃபிஷ்' என்று கேட்டதால் வந்த பெயர் அது. நம் கட்டுமரம் அவர்கள் நாவில் 'காட்டமரான்' ஆயிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அது சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கவும் வழங்கிற்று. சொல்லின் தலைப்பில் பூனையைக் குறிக்கும் 'காட்' ஒலித்ததே அதற்குக் காரணமாயிருக்கலாம். தெரியாத சொல்லுக்குள் தெரிந்த சொல்லைத் தேடுவது மனித சுபாவம்.

அப்படியானால் அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? ஒரு தேசமே சேர்ந்து செய்ததை அவன் தனியாகச் செய்தான், அவ்வளவுதான். பிறப்பைப் பற்றி அவன் எழுதியது பிழையே; அதில் ஐயமில்லை. ஆனால் அச்சொல் ஏன் காலைப் பற்றிக்கொண்டு நின்றது என்ற கேள்விக்கு, தன்னை அறியாமலே சரியான விடை எழுதியிருந்தான். நான் அடித்தது அந்த விடையை.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியானால் மார்க்கு உண்டா, ஸார்?" என்று கேட்டான் அவன். இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். இம்முறையும் பிள்ளைகள் சிரித்தார்கள்; அவனும் சிரித்தான்.

மார்க்கைத் திருப்பிக் கொடுப்பது எளிது. முதல் நாள் சிரிப்பைத் திருப்பி வாங்கத்தான் வழி தெரியவில்லை. வீட்டில் குழந்தைகள் ஒரு சொல்லைப் பிய்த்து வைத்துக்கொண்டு தாமாகவே பொருள் சொன்னால், பெற்றோர்கள் திருத்தத்தான் வேண்டும். திருத்துமுன், "எப்படி அப்பா கண்டுபிடித்தாய்?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.