அபிராமபுரத்து மேசைக்கு இந்த வழக்கு ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 அக்டோபரில் தருவைகுளத்திலிருந்து தங்குகடலுக்குப் (பல நாள் மீன்பிடிப்புக்கு) போன விசைப்படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்தது. படகில் இருந்தவர்கள் 12 பேர். அபராதம் 42 லட்சம் ரூஃபியா. நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். பத்தே மாதம் கழித்து, 2024 ஆகஸ்டில், அதே ஊர்க்காரர்கள் 22 பேரை இரண்டு படகுகளோடு இலங்கைக் கடற்படை கொண்டுபோனது. புத்தளம் நீதிமன்றம் கோடிக் கணக்கில் அபராதம் போட்டது. தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் ஒரு சிற்றூர், ஓராண்டுக்குள் இரண்டு அயல்நாட்டுச் சட்டங்களில் சிக்கிக்கொண்டது.

இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் மீன்வளத்துக்கென்றே அமைந்த ஒரே அமைப்பின் உறுப்பு நாடுகள். நான்காவது உறுப்பினர் வங்கதேசம். அதன் செயலகம் டெல்லியிலோ கொழும்பிலோ இல்லை, சென்னை அபிராமபுரத்தில் இருக்கிறது. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீனவருக்காகத் தொடங்கியது. அலையடிக்கும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய படகை வடிவமைப்பதுகூட அன்று அதன் வேலைகளில் ஒன்று. 2003-இல் நான்கு அரசுகளும் கையெழுத்திட்டு அதை இந்த அரசுகளுக்கிடையேயான அமைப்பாக்கின. நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் ஆட்சிக் குழு, தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, இயக்குநர் ஒருவர் தலைமையில் செயலகம் என்பது அதன் அமைப்பு.

அந்தச் செயலகத்து ஊழியர்கள் மீது எனக்குக் குறை இல்லை. எல்லையைத் திருத்தவோ படகை விடுவிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆலோசனை சொல்வதும் நாடுகளை ஒன்றுகூட்டுவதுமே அவர்கள் பொறுப்பு. என் கண்டனம் அவர்களை நடத்தும் அரசுகள் மீது, முதலில் நம் அரசு மீது. படகு பிடிபட்டால் முதலமைச்சர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். வெளியுறவு அமைச்சகம் தூதரகத்துக்குச் சொல்கிறது. தூதரகம் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கிறது. ஒவ்வொரு கைதுக்கும் இதே சுற்று. கடலையும் வலையையும் மீனையும் அறிந்தவர்கள் கூடும் மேசை ஒன்று நம் மாநிலத் தலைநகரிலேயே இருக்க, பிடிபட்ட படகின் கதையை மட்டும் அந்த மேசைக்கு வெளியிலேயே வைத்துப் பேசி முடிக்கிறோம்.

இரு நாட்டுப் பேச்சே போதும் என்று டெல்லி சொல்லலாம். அந்தக் கணக்கையும் பார்ப்போம். 2016 நவம்பரில் இந்திய, இலங்கை அமைச்சர்கள் டெல்லியில் கூடி, மீன்பிடிப்புக்கான கூட்டுப் பணிக்குழுவை அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீன்வள அமைச்சர்கள் சந்திப்பார்கள் என்றார்கள். ஐந்தாவது கூட்டம் 2022 மார்ச்சில் நடந்தது. ஆறாவது கூட்டம் 2024 அக்டோபர் 29 அன்று கொழும்பில். எட்டு ஆண்டுகளில் ஆறு கூட்டங்கள்! சொன்ன சொல்லின்படி முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படியே கூடினாலும் அதில் மாலத்தீவுக்கு இடமில்லை. தருவைகுளத்து வழிவலைப் படகு சூரையைத் தேடித் தெற்கே போனால், அது போய்ச் சேரும் கடலில் மாலத்தீவும் ஒரு கரை அல்லவா?

மூன்று நாடும் சேர்ந்து உட்காரவே முடியாது என்பதும் பொய். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டன. அதே ஆண்டு ஜூலையில் மாலத்தீவும் சேர்ந்து, மூன்று எல்லைகளும் சந்திக்கும் புள்ளியைக் குறித்தன. கோடு போட ஒன்றுசேர்ந்தவர்கள், அந்தக் கோட்டில் சிக்கியவனுக்காகவும் ஒன்றுசேரலாமே.

முத்துக்குளித்துறையில் பிறந்த எனக்கு இதில் கூடுதல் வருத்தம் உண்டு. எங்கள் பாட்டன்மார் மன்னார்க் கடலின் இரு கரை முத்துப் பார்களிலும் முங்கியவர்கள். இலங்கையில் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) என்றால் முன்கூட்டியே அறிவிப்பு வரும்; எந்த நாள், எந்தப் பார், எத்தனை படகு என்று தெரிந்துதான் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் பாய் விரிப்பார்கள். 1905-இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய சலாபத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். கரைக்குக் கொண்டுவந்த சிப்பி மூன்று கூறாகும். ஒரு கூறு முங்கியவர்களுக்கு, இரண்டு அரசாங்கத்துக்கு. தகராறு வந்தால் சலாபத்துக்காகக் கரையில் எழும் கூடாரத்து ஊரிலேயே நீதிமன்றம் இருந்தது. அந்நிய ஆட்சி நியாயமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரு கரைக்கும் பொதுவான கடலுக்கு நாளும் அளவும் பங்கும் வகுத்த ஒழுங்கு ஒன்று இருந்தது. நம் பக்கப் பார்களில் 1961-க்குப் பிறகு சலாபமே இல்லை. ஒழுங்கும் முத்தோடு போய்விட்டது. இன்றும் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவின் மாலேக்குப் போய்வருகின்றன. சரக்குக்குச் சீட்டு இருக்கிறது, வழி இருக்கிறது. மீனவனுக்கு இல்லை.

எதிர்க்கரையாரின் நியாயத்தை மறுத்து இதை எழுதவில்லை. இழுவைமடிப் படகுகளால் வலையும் வாழ்வும் இழந்த மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்களே. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடைசெய்ததில் அவர்களுடைய கண்ணீர் இருக்கிறது. ஆனால் தருவைகுளத்தார் இழுவைமடிக்காரர்கள் அல்லர். இழுவைமடியையும் வழிவலையையும், வேண்டுமென்றே புகுந்தவனையும் எஞ்சின் கெட்டு ஒதுங்கியவனையும் பிரித்தறியும் கண் கடற்படைக்கு இராது. மீன்வள அறிவு உள்ளவர்களுக்கு உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நான்கு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 73-ஆம் பிரிவில் தெளிவாகவே பேசுகிறது. பொருளாதார மண்டலத்தில் பிடிபடும் படகையும் ஆட்களையும் நியாயமான பிணையின் பேரில் விரைவில் விடுவிக்க வேண்டும்; நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லாதபோது, மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கூடாது. கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்கு இது பொருந்தாது என்பதும் உண்மை. அதனால்தான் படகு எந்த இடத்தில் பிடிபட்டது என்பதே பாதி வழக்கு. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அந்தக் கருவி காட்டும் இடத்தை எதிர்க்கரை நீதிமன்றமும் சான்றாக ஏற்க நான்கு நாட்டுக்கும் பொதுவான முறை வேண்டாமா? 'நியாயமான பிணை' எவ்வளவு என்று ஒரு வரம்பு வேண்டாமா? ஒரு செயலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? 2025 ஜனவரியில் இந்தியாவும் வங்கதேசமும் 95 இந்திய மீனவரையும் 90 வங்கதேச மீனவரையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டன. மனம் இருந்த இடத்தில் அது நடந்திருக்கிறது.

2025 பிப்ரவரியில் மாலேயில் கூடிய ஆட்சிக் குழுவில் வங்காள விரிகுடா அமைப்பின் தலைமை இந்தியாவிடம் வந்தது. நாற்காலி நம்மிடம் வந்தது, அலுவலகம் நம் மாநிலத்தில். இனிச் சாக்கு இல்லை. அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் 'பிடிபட்ட படகுகளும் மீனவர்களும்' என்று ஒரு வரி சேர வேண்டும். நான்கு கரையிலிருந்தும் கடலுக்குப் போகிற ஆட்கள், அதிகாரிகளோடு சமமாக அங்கே உட்கார வேண்டும். அங்கே எடுக்கும் முடிவு தருவைகுளம், திரேஸ்புரம் ஏலக்கூடங்களில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இப்படிக் கேட்டுத் தமிழ்நாடு அரசு மத்திய மீன்வளத் துறைக்கு எழுத வேண்டும். எழுதியதா, பதில் வந்ததா என்று தங்கள் இதழ் விசாரித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்து வாசகர் ஒருவர்,
திரேஸ்புரம், தூத்துக்குடி.